மூக்குத்தியோடு ஃபுஜைராவுக்கு

புதன். திருச்சியிலிருந்து துபாய்க்கு ஒரு வழி டிக்கெட் பதினாலாயிரத்து இருநூறு ரூபாய். சாப்பாடு அதில் சேர்த்தியில்லை என்பது விமானத்தில் ஏறிய பிறகுதான் தெரிந்தது. லீவு முடிந்து அல் கூஸ் தொழிலாளர் கேம்புக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பெரம்பலூர்க்காரர் பக்கத்து இருக்கையில் இருந்தார். தன் புளிசாதத்தில் பாதியை எனக்குத் தந்தார்.

"விசிட்டா சார்?"

"தாய்மாமன் சீர் செய்யப் போறேன்."

"பொண்ணு வயசுக்கு வந்துட்டாங்களா?"

"பொண்ணுக்கு இருபத்தொண்ணு. மதம் மாறப் போகுது."

மனிதர் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்க ஆரம்பித்துவிட்டார். நான் என்ன செய்ய, கேட்டதற்குப் பதில் சொன்னேன்.

என் தங்கை கலா இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்பு மும்பையில் வேலை பார்த்தபோது சாலமனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் தாணேயில் வளர்ந்தவர். கொங்கண் கரையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து, வீட்டில் மராட்டி பேசும் யூதக் குடும்பம். கரூரில் என் ஹார்டுவேர் கடைக்கு வருகிறவர்கள், "யூதர்னா கிறிஸ்டியன்ல ஒரு பிரிவுங்களா?" என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். இல்லை என்றால், "அப்ப என்ன கூட்டம்?" என்பார்கள். எங்கள் பக்கத்தில் கூட்டம் என்கிற குலப்பிரிவும் குலதெய்வமும் தெரியாமல் ஒரு பேச்சு நகராது.

அவர்கள் மகள் மாயா. சிக்கல் அவள் பிறப்பிலேயே இருந்தது. எங்கள் வழக்கப்படி பிள்ளை அப்பன் வீட்டைச் சேர்ந்தது. அவர்கள் வழக்கப்படி அம்மா யூதராக இருந்தால்தான் பிள்ளை யூதர். நாங்கள் அந்தப் பக்கம் கை காட்ட, அவர்கள் இந்தப் பக்கம் கை காட்ட, பெண் நடுவில் நின்றாள். அப்பாவோடு சின்ன வயதிலிருந்து அவர்களுடைய ஓய்வுநாள் தொடங்கும் வெள்ளிக்கிழமை மாலை ரொட்டியைப் பிட்டுத் தின்று, அந்தப் பிரார்த்தனைகளைச் சொல்லி வளர்ந்தவளை, "நீ எங்கள் ஆள் இல்லை" என்று சொன்னால் வலிக்காதா? முறைப்படி சேர்ந்துவிடுவது என்று முடிவு செய்து இரண்டு வருஷம் படித்தாள். முதலில் வேண்டாம், திரும்பிப் போ என்றுதான் சொன்னார்களாம். சேர வருகிறவரை அப்படிச் சொல்லிப் பார்ப்பது அவர்கள் வழக்கம்.

கலா போனில், "அண்ணா, நீங்க வந்தே ஆகோணும்" என்றாள். தடுக்கவா, வாழ்த்தவா என்று கேட்டேன். "வாங்க, பாத்துக்கலாம்" என்று வைத்துவிட்டாள்.

மாலை ஆறு மணிக்கு விமான நிலையத்தில் சாலமன் நின்றிருந்தார். "மச்சான், வாங்கோ வாங்கோ" என்று பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். தலையில் கிரிக்கெட் தொப்பி. அதற்கு அடியில் அவர்களுடைய சின்ன வட்டத் தொப்பி. அல் கூஸில் ஒரு பெயின்ட் கிடங்குக்கு மேனேஜர். இந்த ஊருக்கு வந்த புதிதில் இந்தியன் என்பதற்கு மேல் அவர் யாரிடமும் எதுவும் சொன்னதில்லை. இப்போது பிரார்த்தனைக்கு இடம் இருக்கிறது, அவர்கள் முறைப்படி சமைக்கும் ஹோட்டல்கூட இருக்கிறது. "ஆனா தொப்பி மேல தொப்பி நல்லது மச்சான்" என்று சிரித்தார்.

கராமாவில் அவர்கள் ஃபிளாட். உள்ளே நுழைந்தால் மாயா கண்ணாடி முன்னால் மூக்கைத் திருகிக்கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். மதத்தில் சேரும் கடைசிச் சடங்காக வெள்ளிக்கிழமை காலை அவள் முழுக்குப் போட வேண்டும். அதற்கென்று கட்டிய தொட்டியும் இங்கே இருக்கிறது. கடலும் ஆகும் என்பதால் மாயா கடலைக் கேட்டாள். முழுகும்போது உடம்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் எதுவும் இருக்கக் கூடாது. மோதிரம், வளையல், நகப்பூச்சு எல்லாம் போயாயிற்று. பதின்மூன்று வயதில் நான் செய்து போட்ட ஒற்றைக்கல் மூக்குத்தி மட்டும் வர மறுத்தது. எட்டு வருஷத்துச் சோப்பும் வியர்வையும் சேர்ந்து உள்ளே திருகாணி இறுகிவிட்டது. சாட்சி சொல்ல வெளிநாட்டிலிருந்து மூன்று ரபிகள் வந்திருந்தார்கள், அதாவது அவர்களுடைய குருமார். ஞாயிறு திரும்புகிறார்கள். அடுத்து எப்போது வருவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

"தள்ளு கண்ணு, திருகாணி மாமன் தொழில்" என்று உட்கார்ந்தேன். பம்புசெட் போல்ட்டைக் கழற்றிய விரல் ஒரு பெண்ணின் மூக்குத் துவாரத்துக்குள் போகாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பத்து நிமிஷத்தில் மூக்கு சிவந்து, "மாமா, இட்ஸ் ஓகே, ப்ளீஸ்" என்று பிள்ளை கெஞ்ச ஆரம்பித்துவிட்டது.

கலா சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நீ பார் என்றேன். "நான் தொட மாட்டேனுங்கண்ணா. பெத்தவ கையால புள்ளைய மூளி மூக்காக்குவாங்களா?" என்று உள்ளே போய்விட்டாள். அவளுக்குக் கோபமில்லை, பயம். எனக்கு அது தெரிந்தது.

வியாழன். சாலமனுக்கு டியூட்டி. கிடங்கு டிரைவர் செல்வம் என்னையும் மாயாவையும் வேனில் தேராவுக்குக் கூட்டிப்போனார். புதுக்கோட்டைக்காரர். "மூக்குத்திக்காகவா அண்ணே இம்புட்டுத் தூரம்? எங்கூர்ல ஆசாரி ரெண்டு நிமிசத்துல கழட்டிருவாரு" என்றார். இது உங்கள் ஊர் இல்லையே என்றேன். "அதுவும் சரிதான்" என்று ஹார்ன் அடித்தார்.

தங்க மார்க்கெட்டில் ஆளை மறைக்கும் அளவுக்குத் தங்கச் சட்டையெல்லாம் தொங்குகிறது. அதையெல்லாம் தாண்டி, ஒரு சந்தில் மாடிப்படி ஏறினால் பட்டறை. வங்காளி ஒருவர் கண்ணில் லென்ஸை மாட்டிப் பார்த்தார். எண்ணெய் விட்டார், கொறட்டால் பிடித்தார், உதட்டைப் பிதுக்கினார். "காட் தேகா பாய், கலாஸ்" என்று கத்தரிக்கோல் மாதிரி இரண்டு விரலைக் காட்டினார். தண்டை வெட்டிவிடலாம், கல் தப்பிக்கும், இருபது திர்ஹாம்.

மாயா மூக்கைப் பொத்திக்கொண்டாள். "வெட்ட வேண்டாம் மாமா. இது நீங்க போட்டது."

"போட்டவன் சொல்றேன், வெட்டிக்கலாம் கண்ணு. வேற செஞ்சு தர்றேன்."

"எனக்கு வேற வேண்டாம். நான் எதையும் வெட்டிட்டுப் போறேன்னு அம்மா நெனைக்கக் கூடாது."

வெட்டாமலே படியிறங்கினோம். இரண்டு வருஷப் படிப்பு, மூன்று ரபிகள், எல்லாம் ஒரு குந்துமணி அளவு திருகாணியில் தொங்கிக்கொண்டிருக்க, இந்தப் பெண் அம்மாவின் மனசைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளே! அன்று ராத்திரி கரூர்த் தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு மூக்குக்குள் வைத்துக்கொண்டு படுத்தாள்.

வெள்ளி. காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். நாங்கள் நால்வர், ஓட்ட செல்வம். கலா பட்டுச் சேலை கட்டி, பூ வைத்துத்தான் வந்தாள். அதைப் பார்த்து எனக்குப் பாதி உயிர் வந்தது. ஃபுஜைராவின் அல் அக்கா கடற்கரை கராமாவிலிருந்து ஏறக்குறைய நூற்று முப்பது கிலோமீட்டர். வேலையாட்களை ஏற்றிய பஸ்கள் எதிரே வந்தன. தைத் என்ற ஊர் வரை சிவப்பு மணல், கம்பிவேலிக்குப் பின்னால் ஒட்டகங்கள். மசாஃபி நெருங்கும்போது மணல் போய், ஒரு புல்கூட இல்லாத கருத்த மலைகள் வந்தன. அங்கே சாலையோரக் கடையில் கரக் டீ இரண்டு திர்ஹாம். நம்மூர் இஞ்சி டீக்கு ஒரு படி கீழேதான், ஆனால் சூடாக இருந்தது. கலா குடிக்கவில்லை.

ஏழரைக்கு இறங்கினோம். கடல் குளம் மாதிரி அசையாமல் கிடந்தது. கொஞ்சம் தள்ளித் தண்ணீருக்குள் ஒரு பாறைத் தீவு. மூன்று ரபிகளும் பேரீச்ச மரத்தடியில் நின்றார்கள். ஒருவருக்கு என் வயதுதான் இருக்கும். கூட வந்திருந்த ஒரு தென்னாப்பிரிக்க அம்மாள் மாயாவின் நகம், முடி எல்லாம் பார்த்தாள். மூக்கில் வந்து நின்றாள். கழற்ற முடிகிற பொருள் என்றால் கழற்றியே ஆக வேண்டும், முடியாவிட்டால் இன்னொரு முறை பார்க்கலாம் என்றாள். என் வயதுக்காரரும், அவசரமில்லை அம்மா என்பதுபோல் கையசைத்தார். அந்த அன்புதான் மாயாவை உடைத்தது. அழுகை பொங்க, "கட் பண்ணிடுங்க மாமா" என்றாள்.

சட்டைப் பையில் சின்னக் கட்டிங் பிளேயர் வைத்திருந்தேன். கடைக்காரன் புத்தி. எடுத்து விரித்தேன்.

"அத உள்ள வைங்கண்ணா" என்றாள் கலா.

பட்டுச் சேலையோடு மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "இங்க வா கண்ணு." மாயா அம்மா மடியில் தலை வைத்துப் படுத்தாள். கலா ஒரு கையால் வெளியே கல்லைப் பிடித்தாள், மறு கையின் சுண்டுவிரல் நகத்தால் உள்ளே திருகாணியை அழுத்திப் பிடித்தாள். ராத்திரி முழுக்க எண்ணெயில் ஊறியது உதவியிருக்க வேண்டும். மகளின் முகத்தைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டே திருகினாள். உதடு என்னவோ முணுமுணுத்தது. எங்கள் குலதெய்வத்தைத்தான் கூப்பிட்டிருப்பாள், வேறு யாரை அவளுக்குத் தெரியும்? திருகாணி ஒரு சுற்று நகர்ந்தது. அப்புறம் தானாக வந்தது. இரண்டையும் முந்தானையில் முடிந்துகொண்டு, "போ" என்றாள்.

மாயா, தண்ணீர் உள்ளே புகுந்து உடம்பைத் தொடும் என்பதால் அனுமதித்த தொளதொள அங்கியோடு, அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீருக்குள் போனாள். ரபிகள் கரையிலிருந்து கேட்டதற்குச் சம்மதம் சொன்னாள். அவர்கள் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள், நானும் திரும்பிக்கொண்டேன். ஒவ்வொரு முழுக்குக்கும் அந்த அம்மாள் "கோஷர்" என்று குரல் கொடுத்தாள். சரி, செல்லும் என்று அர்த்தமாம். மூன்று முறை கேட்டது. சாலமன் கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட மறந்து நின்றார்.

வேனுக்குப் பின்னால் உடை மாற்றி, நான் கொண்டுவந்த அரக்குப் பட்டில் மாயா வந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. மூக்கில் ஒரு சின்னப் புள்ளி மட்டும். மூத்த ரபி எபிரேயத்தில் நீளமாக ஏதோ சொல்லி, கடைசியில் அவளுக்குப் புதுப் பெயர் வைத்தார்.

"என்னங்க சொன்னாரு?" என்று கலா கேட்டாள்.

சாலமன் தயங்கினார். "பேரு, ஹன்னா."

"அப்பறம்? பேருக்குப் பின்னால என்னமோ சொன்னாரே."

"அது... ஆபிரகாம், சாராவோட மகள்னு. அவங்கதான் எங்க ஆதி அப்பா அம்மா. வெளியிலருந்து வர்ற எல்லாருக்கும் அப்படித்தான் கலா. அதுதான் முறை."

எங்கள் ஊர்க் கல்யாணத்தில் பெண் தாலி ஏறிய நிமிஷத்தில் வேறு கூட்டத்துக்குப் போய்விடுகிறாள். பெற்றவள் பந்தலில் நின்று சிரித்துக்கொண்டே அதைக் கேட்கிறாள். ஆனால் அங்கேகூட இன்னாருடைய மகள் என்பதை யாரும் எடுத்துக்கொள்வதில்லை. கலாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மாயா, "அம்மா..." என்று ஆரம்பித்தாள்.

கலா முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கட்டும். நல்ல பேராத்தான் இருக்குது" என்றாள். "அதுக்குன்னு அந்தச் சாராம்மாவா வந்து மூக்குத்தி மாட்டிவுடப் போறாங்க? உக்காரு சாமி, ஓட்டை மூடிக்கறதுக்குள்ள."

மாயா ஈரத் தலையோடு மறுபடி அந்த மடியில் படுத்தாள். அவள் சேர்ந்ததற்கான பத்திரத்தில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்த மூத்த ரபி, திருகாணி இறுகும்வரை காத்து நின்றார்.