சீசன் நடுவில் ஒரு மாற்றுக் கலியாணம்

எங்கள் கிழக்குக் கரையில் கலியாணம் முடிந்தால் பெண் தன் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் ஒரு சூட்கேசைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டில் வந்து குடியேறுவார். தலைமுறை தலைமுறையாக ஒரு குறையும் இல்லாமல் நடந்துவந்த ஏற்பாடு இது. கூடைப்பந்து வந்த பிறகுதான் இதில் ஒரு கோளாறு இருப்பது ஊருக்குத் தெரிந்தது.

சுனாமிக்குப் பிறகு யாரோ வெளிநாட்டுக்காரர்கள் எங்கள் சாய்ந்தமருதுக் கடற்கரையோரம் ஒரு சீமெந்துக் கோர்ட் கட்டிக் கொடுத்தார்கள். அக்கம்பக்கத்து ஊர்களிலும் ஒவ்வொன்று முளைத்தது. கொஞ்ச வருஷத்தில் ஆறு ஊர் சேர்ந்து ஒரு லீக் தொடங்கி, நோன்புக்கு முன்னர் பைனலை முடிப்பது என்று வைத்துக்கொண்டார்கள். எந்த ஊரில் குடியிருக்கிறாரோ அந்த ஊருக்குத்தான் ஒருவர் விளையாட வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான். ஆனால் விளையாடுகிறவர்கள் எல்லோரும் கலியாண வயதுக்காரர்கள். சீசன் நடுவில் ஒருவர் மாப்பிள்ளையாகிவிட்டால், போன கிழமை எங்களுக்குப் பொயின்ட் எடுத்தவர் இந்தக் கிழமை எதிர்ப்பக்கம் நிற்பார். அதனால் எங்கள் டீம் செயலாளரான ஹார்ட்வெயார் கடைக்காரர், சீசன் தொடங்கியதும் வீடு வீடாகப் போய்க் கலியாணங்களைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கெஞ்சுவார். கலியாணப் பெண்கள் அவருக்கு வைத்திருந்த பெயரை இங்கே எழுத முடியாது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. உம்மாவின் தம்பியான என் மாமா எங்களோடுதான் இருந்தார். பகலில் கல்முனை பஸாரில் ஒரு துணிக்கடையில் துணி அளந்து கிழிப்பார், பின்னேரம் பந்து விளையாடுவார். லீக்கில் அவரை விடக் கட்டையானவர் இல்லை. பொயின்டும் அதிகம் எடுக்கமாட்டார். ஆனால் மற்றவர்கள் எடுத்ததெல்லாம் அவர் தள்ளிவிட்ட பந்தில்தான். ஒரு பக்கம் பார்த்துக்கொண்டே இன்னொரு பக்கம் பாஸ் கொடுப்பார். அங்கே எங்கள் ஆள் ஒருவர் சரியாக வந்து நிற்பார். மெச் முடிந்து வேர்வையோடு வீட்டுக்கு வந்து, என் சோற்றுக் கோப்பையிலேயே கைவைத்துச் சாப்பிடுவார். மாமா என்றால் எனக்கு உயிர்.

அந்த வருஷம் பாதிச் சீசனில் நாங்கள்தான் முதலாமிடம். அந்த நேரம் பார்த்து வாப்பா மாற்றுக் கலியாணம் பேசிக்கொண்டு வந்தார். உம்மாவின் தாய் தகப்பன் மௌத்தாகிவிட்டதால், மாமாவையும், உம்மாவின் தங்கையான என் சாச்சியையும் கட்டிக்கொடுத்து ஒப்பேற்றுகிற பொறுப்பு வாப்பாவின் தலையில் விழுந்திருந்தது. மருதமுனையில் ஒரு வீடு. அங்கே ஒரு அண்ணன், ஒரு தங்கை. தங்கை மாமாவுக்கு, அண்ணன் சாச்சிக்கு. அந்த அண்ணன்தான் மருதமுனை டீமின் நெட்டையர்.

செயலாளர் அன்றைக்கே ஓடிவந்தார். தேத்தண்ணியைத் தொடாமல், வாப்பாவை அண்ணன் முறை சொல்லிக் கூப்பிட்டு, “காக்கா, பைனல் முடியட்டும். பிறகு நானே நிண்டு பந்தல் போட்டுத் தாறன்” என்றார். மருதமுனை மாப்பிள்ளையின் தாய்க்குக் கொழும்பில் ஒப்பரேஷன் இருப்பதையும், அதற்கு முன்னர் இரண்டு பிள்ளைகளின் காரியத்தையும் கண்ணால் பார்க்க அந்த மனுசி ஆசைப்படுவதையும் வாப்பா சொன்னார். அதற்கு மேல் செயலாளரால் என்ன சொல்ல முடியும்? ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்தார். வாசலுக்குப் போவதற்குள் அவர் முகம் தெளிந்துவிட்டது. கட்டையானவரைக் கொடுத்து நெட்டையரை எடுக்கிறோம், இதில் நமக்கு நட்டமில்லை என்று வாப்பாவுக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த கிழமைக்குள் ஊர் முழுக்க அதே கதை. தேத்தண்ணிக் கடைகளில், வெல்லப்போகிற கப்பை எங்கே வைப்பது என்பது வரைக்கும் பேசி முடித்தார்கள்.

நான் மட்டும் சமாதானமாகவில்லை. கலியாணம் வரை வாப்பாவோடு கதைக்கவில்லை. இரண்டு நிக்காஹ்வும் ஒரே நாளில் நடந்தன. கூட்டாளிமாரின் பகிடிக்கு நடுவில் மாமா சிரித்துக்கொண்டே வேனில் ஏறிப் போனார். அதே பின்னேரம் புதுச் சாச்சா வந்து இறங்கி, எங்கள் வாசல் நிலையில் நெற்றியை மோதிக்கொண்டு உள்ளே வந்தார். எனக்கு அதில் ஒரு சின்னச் சந்தோஷம்.

பிறகு தொடங்கியது தோல்வி. நெட்டையர் வாய் திறந்து கேட்காமல் கூடைக்குக் கீழே கையை உயர்த்திக்கொண்டு நிற்பார், பந்து வராது. மற்றப் பொடியன்மார் பழக்கதோஷத்தில் மாமா நிற்கவேண்டிய இடத்துக்கே பந்தை வீசுவார்கள், அது கோர்ட்டைத் தாண்டி மணலில் போய் விழும். மருதமுனையிலும் இதே கூத்து. அங்கே எல்லோரும் நெட்டையருக்கு எறிந்து பழகியவர்கள். அவர்களுடைய பாஸ் மாமாவின் தலைக்கு மேலால் போனது. ஒரே கலியாணத்தில் இரண்டு டீமும் படுத்துவிட்டன. பள்ளிவாசல் படியில் வைத்தே வாப்பாவிடம் குறை சொன்னவர்களும் உண்டு. கடைசியில் எங்களுக்கும் மருதமுனைக்கும் ஒரு மெச் மிச்சமிருந்தது. வென்றவர் செமி பைனல், தோற்றவர் வீடு.

புதுச் சாச்சா வீட்டுக்குள்ளும் அப்படித்தான் இருந்தார். தாகம் எடுத்தால் தண்ணீர் கேட்கமாட்டார். கதிரையின் நுனியில் இருப்பார். அரைவாசிச் சோற்றில் கையைக் கழுவிவிடுவார். வெட்கப்படாமல் சாப்பிடச் சொல்லி உம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். மாமாவின் கதிரையில் இருக்கிற ஆள் நிறையச் சாப்பிடாமல் இருப்பதுதான் நியாயம் என்று நான் நினைத்தேன்.

ஒருநாள் அஸர் தொழுதுவிட்டு வாப்பா அவரைக் கோர்ட்டுக்குக் கூட்டிப் போனார். நானும் பின்னால் போனேன். வாப்பா இறக்காமத்து வயல்காரர் வீட்டுப் பிள்ளை. பந்தைத் தொட்டவரே இல்லை. சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, டிரக்டர் பெட்டிக்கு நெற்கட்டு எறிவது போல இரண்டு கையாலும் பந்தைத் தூக்கி எறிந்தார். ஒன்று காலடியில் விழுந்தது, ஒன்று கடல் பக்கம் போனது. சாச்சா ஒரு வார்த்தை பேசாமல் ஓடி ஓடிப் பொறுக்கினார்.

“எங்க வேணுமெண்டு நீங்கதான் தம்பி சொல்லணும்” என்றார் வாப்பா. “கேக்காட்டி இஞ்ச ஒருத்தருக்கும் விளங்காது.”

சாச்சா மெதுவாக, மேலே வேணும் காக்கா என்றார். வாப்பா மேலே எறிந்தார். இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் என்றார் சாச்சா. நாலைந்து நாளில் மற்றப் பொடியன்மாரும் வந்து சேர்ந்தார்கள். பந்து கேட்டு சாச்சா போட்ட சத்தம் எங்கள் ஒழுங்கை வரை கேட்டது. அந்தக் கிழமையே சாப்பாட்டில் இன்னொரு துண்டு மீனும் கேட்டார். அது எனக்கு வைத்திருந்த துண்டு.

மெச் நாளில் வாப்பாவோடு மதிலில் ஏறி இருந்தேன். நான் மாமாவின் பக்கம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். வாப்பா சரி என்று தலையாட்டினார். மருதமுனையின் பச்சை ஜேர்சியில் மாமாவைப் பார்க்க வேறு யாரோ மாதிரி இருந்தது. ஆனால் பந்து கைக்குப் போனதும் அவரேதான். முன்னுக்கும் பின்னுக்குமாகப் போன ஸ்கோரில் கடைசியில் எங்களுக்கு ஒரு பொயின்ட் கூடுதல். நேரம் முடியப் போகிறது. மாமா இரண்டு பேருக்கு நடுவால் நழுவி, கூடைக்குக் கிட்டே வந்து எம்பினார். நான் வாப்பாவின் கையை இறுக்கிப் பிடித்தேன். எங்கிருந்தோ சாச்சாவின் நீளக் கை வந்து பந்தைத் தட்டிவிட்டது. விசில் ஊதியது.

ஊர் கோர்ட்டுக்குள் இறங்கிவிட்டது. கிழமைக் கணக்காக வாப்பாவோடு முகம் கொடுத்துக் கதைக்காத செயலாளர் வந்து அவரைக் கட்டிப் பிடித்தார். மாமா சிரித்துக்கொண்டு சாச்சாவின் முதுகில் தட்டினார். பிறகு துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, எப்போதும் போல எங்களோடு வீட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கினார். யாருக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை. சந்தியில் வைத்து மருதமுனை வேன் ஹோர்ன் அடித்தது. மாமா நின்றார். எங்கள் ஒழுங்கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என் தலையில் கை வைத்து, போய்ட்டு வாறன் என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். நான் ரோட்டிலேயே அழுதேன். டீம் வென்றும் அழுகிற பிள்ளை என்று ஊர் சிரித்தது.

மஃரிபுக்குப் பிறகு வாப்பா கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு நின்றார். அடுத்த சீசனுக்காவது மாமாவைத் திருப்பி எடுக்க ஏலாதா என்று கேட்டேன். ஏலாது மகள், போனா போனதுதான் என்றார்.

“மாமாக்கு எங்கட வீடு நினைவு வராதா?”

“வரும். கொஞ்சம் கொஞ்சமாப் பழகிரும்.”

“எவ்வளவு நாளில பழகும்?”

வாப்பா வாளியைக் கீழே வைத்தார். உள்ளே சாச்சா உம்மாவிடம் சத்தமாகச் சோறு கேட்டுக்கொண்டிருந்தார்.

“எனக்குப் பழகின உடனே சொல்றன் மகள்” என்றார்.

நான் பிறப்பதற்கு முந்தியே அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த மனுசர், இப்படிச் சொன்னால் எந்தப் பிள்ளைதான் நம்பும்? அழுகிற பிள்ளையைச் சிரிக்க வைக்கப் பகிடி விடுகிறார் என்று நினைத்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நான் சிரித்ததைப் பார்த்து வாப்பாவும் சிரித்தார்.