அண்ணனின் சத்தம் யாரிடமாவது இருக்கிறதா?

முதலாண்டு நினைவு நாளில் இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் அண்ணனின் சினிமா நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். அட்டையில் சிரிக்கும் முகம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். அண்ணன் பேசிக் கேட்டவர்கள் எத்தனை பேர் என்றுதான் தெரியவில்லை.

அண்ணன் சுசீந்திரத்தில் பிறந்தார். அப்பா குத்தகைப் பாட்டத்துக்கு எடுத்த வயலில் நாற்றுக்கட்டைத் தலையில் வைத்தபடியே அண்ணன் வரப்பில் நின்று நாடக வசனம் பேசுவார்.

"ஏலே, நாத்து வாடுகு. பொறவு நடிக்கலாம்" என்று அப்பா கத்துவார்.

"அவன விடுங்கோ, அவன் பேசினாத்தான் எங்களுக்குக் கை ஓடுகு" என்பார்கள் நடவுக்கு வந்த பெண்கள்.

அந்தப் பேச்சை நம்பித்தான் சென்னைக்குப் போனார். பட்டினி கிடந்தார், கூட்டத்தில் நின்றார், பாடையில் பிணமாகப் படுத்தார். முதன்முதலாக வசனம் கிடைத்தது ரயில்வே கேட்காரர் வேடத்தில். நாகர்கோவில் தியேட்டரில் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தோம். திரையில் அண்ணன் வாயைத் திறந்தார். வேறு யாரோ பேசினார். அண்ணி, எங்கள் பேச்சில் மைனி, என் கையைப் பிடித்து உலுக்கினார்.

"ஏட்டி, இது யாருட்டி பேசுகது? எனக்க ஆளு எங்க?"

வெளியே வந்ததும் அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நம்ம பேச்சு பாட்டு மாதிரி இழுக்குதாம். டப்பிங்காக்கும்."

அதன் பிறகு எல்லாப் படத்திலும் அதே சென்னைக்காரர் குரல்தான். ஊரில் யாரும் படத்தின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். கேட்காரர் படம், கள்ளக்கணக்கு எழுதிய மேனேஜர் படம், மகள் கல்யாணத்துக்கு அலைந்த அப்பா படம் என்றுதான் சொல்வார்கள்.

பிறகு தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இனி சினிமா இல்லை என்று நாங்கள் அழுதோம். சினிமாவுக்கு ஒரு குறையும் வரவில்லை. கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வாயை மட்டும் அசைத்தார். அப்படி நடித்ததுதான், மகனைக் கடலில் பறிகொடுத்த கட்டுமரக்காரர் படம். அவருக்கு விருது வாங்கித் தந்ததும் அதுதான். "என்னமா பேசியிருக்காரு!" என்று பஸ்ஸில் ஒருவர் சொன்னபோது, மைனி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடைசி நாள் ஆஸ்பத்திரியில் எழுதிக்காட்டவும் அண்ணனுக்குக் கையில் தெம்பில்லை. மைனியைப் பார்த்து உதட்டை அசைத்தார். "தண்ணியா? வலிக்கா? பிள்ளையளக் கூப்பிடணுமா?" எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டினார். பிறகு பார்த்துப் புரிந்துகொள்ளலாம் என்று அண்ணன் மகள் அதைக் கைபேசியில் எடுத்தாள். அன்று மாலையே அண்ணன் போய்விட்டார்.

கருமாதி அடியந்திரத்துக்கு அந்தச் சென்னைக் குரல்காரர் வந்தார். வாசலில் நின்று "அம்மா" என்றதும் பந்தலே திரும்பிப் பார்த்தது. எல்லோருக்கும் அது அண்ணனின் குரல். அந்தக் குரலைத் திட்டாமல் மைனி ஒரு படமும் பார்த்ததில்லை. அன்று கைபேசியை அவரிடம் நீட்டினார்.

"அவியளுக்க உதட்ட வருஷக்கணக்கா பாத்தவிய நீங்களாக்கும். என்ன சொல்லுகாவன்னு பாத்துச் சொல்லுங்கோ."

குரல்காரர் திரும்பத் திரும்பப் பார்த்தார். அவர் உதடும் கூடவே அசைந்தது.

"முதல்ல 'மக்கா'ன்னு வருதும்மா. மிச்சம் பிடிபடலை. ஒவ்வொரு ஷாட் முடிஞ்சதும் 'மக்கா, செரியா?'ன்னு கேப்பாரு. அந்த வார்த்தை மட்டும் தெரியும்."

"நீங்க கேட்டியளா, அவிய சத்தத்த?"

"ஷூட்டிங்ல எடுத்த அவர் பேச்சு காதுல ஓடும்மா. அதுக்கு மேலதான் நான் பேசுவேன்."

"அது இப்ப எங்க இருக்கு?"

"அழிச்சிருவாங்கம்மா" என்று சொல்லிவிட்டுத் தலை குனிந்துகொண்டார்.

வீட்டில் இருப்பது மகளின் கல்யாண வீடியோ மட்டும்தான். அதில் அண்ணன் எல்லோரையும் வாய் நிறையக் கூப்பிடுகிறார். வீடியோக்காரர் முழுவதும் பாட்டைப் போட்டு மூடிவிட்டார்.

இரவும் பகலும் பார்த்துக்கொண்ட நர்ஸ் பெண்களுக்கும், ஆம்புலன்ஸ் தம்பிக்கும், அடியந்திரத்துக்குச் சமைத்துப் போட்ட பக்கத்து வீட்டாருக்கும், சென்னையிலிருந்து வந்தவர்களுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறோம். உங்களிடம் ஒன்று கேட்கவும் வேண்டியிருக்கிறது. யார் வீட்டுப் பரணிலாவது பழைய கேசட் கிடக்கலாம். கோயில் விழா மைக்கில் அண்ணன் நாலு வார்த்தை பேசியிருக்கலாம். இருந்தால் கொண்டு வாருங்கள்.

மைனி அந்தக் கைபேசிப் படத்தைத் தினமும் பார்க்கிறார். சத்தத்தை முழுக்கக் கூட்டி வைத்துக்கொள்கிறார். ஆஸ்பத்திரி மின்விசிறி சுற்றுவது கேட்கிறது.