அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வெளியே வந்ததும் நான்கைந்து பேர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அக்கா, ஜப்பான் எப்படி இருந்துச்சு? புல்லட் ட்ரெயின்ல போனீங்களா? செர்ரிப்பூ பாத்தீங்களா?"

போனோம். பார்த்தோம். போட்டோ வேண்டுமா? என் போனில் நானூறு இருக்கிறது.

"சார் மட்டும் ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறாரே, அவருக்குப் பிடிக்கலையா?"

பிடித்ததா இல்லையா என்று ஒரு வார்த்தையில் சொல்ல முடியாத பயணம் அது. வீட்டுக்கு வந்ததும், இதைப் பத்திரிகையில் நான் எழுதும் பத்தியில் எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டேன்.

"எழுது. ஆனா நான் அழுதேன்னு எழுதாத."

அவர் அழவில்லை. அழுதது நான்.

என் கணவர் தன்ராஜ், மின்சார ரயில் மோட்டார்மேனாக இருந்து போன வருஷம் ரிட்டயர் ஆனவர். தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் இடையே எத்தனை ஆயிரம் தடவை போய் வந்திருப்பார் என்று அவருக்கே தெரியாது. எங்கள் ஒரே மகள் ஷீபா ஜப்பானில் ஒகயாமா பக்கம், மலைகளுக்கு நடுவே உள்ள ஒரு சின்ன ஊரில் வேலை செய்கிறாள். கார் பாகங்கள் செய்கிற கம்பெனி. அவளைப் பார்க்கத்தான் போனோம்.

வார நாட்களில் அவள் ஆபீஸ் போய்விடுவாள். நாங்கள் இருவரும் என்ன செய்வது? ஒரு பேப்பரில் எழுதிக் கொடுத்தாள் — இத்தனை மணிக்கு ரயில், இந்த மியூசியம், இந்தக் கோயில், இந்த இடத்தில் சாப்பாடு. டைம் டேபிள் என்றால் இவருக்குச் சொல்லவா வேண்டும்? சட்டைப்பையில் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டார்.

முதலில் மியூசியம். பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ளாதீர்கள்... நம்ம ஊர்க் கிளை நூலகம் அளவுதான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். எங்களைத் தவிர யாருமில்லை. அந்த ஊர்க்காரர் ஒருவர் வரைந்த படங்கள். எதிரே தெரிகிற மலையை நாற்பது வருஷம் வரைந்திருக்கிறார். பனியில் மலை, மழையில் மலை, அறுவடை நேரத்தில் மலை.

"ஒரே மலைய எத்தன தடவை வரைவான் இந்த ஆளு?" என்றார் இவர்.

"ஒரே தண்டவாளத்துல முப்பது வருஷம் போகலையா நீங்க?" என்றேன்.

சிரித்தார். பிறகு கடைசி அறையில் இருந்த ஒரு சின்னப் படத்தின் முன்னால் நின்றார். நின்றவர் நகரவே இல்லை. பனி பெய்கிறது. ஒரு ரயில்வே கேட். கேட்டுக்கு இந்தப் பக்கம் குடை பிடித்தபடி ஒரு பெண் காத்திருக்கிறாள். ரயில் படத்தில் இல்லை.

"நல்லா இருக்குல்ல?" என்றேன்.

"கேட் போட்டிருக்கு பாரு. அவ நின்னு பார்த்துட்டுதான் போவா" என்றார்.

தொழில் புத்தி என்று நினைத்துக்கொண்டேன். இருபத்தொன்பது வருஷம் கூட வாழ்ந்தவள்... அப்படித்தான் நினைத்தேன்.

அங்கிருந்து கோயிலுக்கு ஒரே ஒரு பெட்டி உள்ள டீசல் ரயில். டிரைவர் இருக்கை கண்ணாடிக்குப் பின்னால் யார் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம். இவர் விடுவாரா? டிரைவர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு சிக்னலையும் விரலால் சுட்டிக்காட்டி, சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஓட்டினார். பின்னால் நின்று இவரும் முணுமுணுத்தார். அந்த ரயிலில் இருந்த ஏழு பேரும் என் கணவரைத்தான் பார்த்தார்கள்.

ஸ்டேஷனில் இறங்கி, பாசி படிந்த படிகள் நூறாவது ஏறியிருப்போம். கோயில் ஆளரவமில்லாமல் இருந்தது. பக்கவாட்டில், மரங்களுக்குக் கீழே, வரிசையாகச் சின்னச் சின்னக் கல் சிலைகள். முழங்கால் உயரம்தான். எல்லாவற்றுக்கும் கழுத்தில் சிவப்புத் துணி, குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது கட்டுவோமே, அது மாதிரி. சிலவற்றுக்குக் கம்பளிக் குல்லா. ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண்மணி, என் வயதுதான் இருக்கும், குனிந்து நனைந்த துணிகளை அவிழ்த்துப் புதுத் துணிகளைக் கட்டிக்கொண்டிருந்தார்.

போனில் மொழிபெயர்க்கிற ஆப்பைத் திறந்து, இது யாருக்காக என்று கேட்டேன். அந்த அம்மா நிதானமாகப் பதில் சொன்னார். போன் முதலில், "உங்கள் முழங்கால் பொறுப்பானது" என்றது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

"இறந்த பிள்ளைகளுக்காக. வழியில் இறந்தவர்களுக்காகவும்."

இவர் அதைக் கேட்டார். நான் கை கழுவத் தண்ணீர்த் தொட்டியைத் தேடிப் போனேன்.

திரும்பி வந்தபோது பேச்சுச் சத்தம் கேட்டது. தமிழ்! இந்த மலையில் யாருடன் தமிழில் பேசுகிறார்? எட்டிப் பார்த்தேன். அந்த அம்மா கையுறையைக் கழற்றிவிட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இவர். நடுவில் போன் இல்லை, ஆப் இல்லை. அது என் கையில்தான் இருந்தது.

"...காலைல எட்டரை மணி வண்டிம்மா. குரோம்பேட்டை தாண்டி பல்லாவரம் வர்ற கர்வ். ஒரு பொண்ணு. தோள்ல ஹேண்ட்பேக், கைல டிபன் பை. வேகமா வந்து லைன்ல இறங்கிடுச்சு. ஹாரன் அடிச்சேன். எமர்ஜென்சி பிரேக் போட்டேன். அவ்ளோ பெரிய வண்டி உடனே நிக்குமா? அந்தப் பொண்ணு என்னைத் திரும்பிப் பாத்து கையைக் காட்டிச்சும்மா. ஓடலை. பஸ்ஸ நிறுத்தறதுக்குக் கை காட்டுவோம்ல... அப்படிக் காட்டிச்சு. நான் நிறுத்திடுவேன்னு நினைச்சிருக்கு."

நான் மரத்துக்குப் பின்னாலேயே நின்றுவிட்டேன்.

"இறங்கி ஓடினேன். தண்ணி கேக்குமோன்னு பாட்டில் எடுத்துட்டுப் போனேன். தேவைப்படல."

அந்த அம்மா "உம்" என்றுகூடச் சொல்லவில்லை. புரிந்த மாதிரி தலையாட்டவும் இல்லை. முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போகவில்லை, அவ்வளவுதான்.

இவர் பேசிக்கொண்டே போனார். பெயரைப் பேப்பரில் பார்த்ததை, பீர்க்கன்கரணையில் அவள் வீட்டைத் தேடிப் போய்த் தெருமுனையில் நின்றதை, உள்ளே போகக் கால் வராமல் திரும்பியதை. ரிட்டயர் ஆகிற நாள் வரை அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம், லைனில் யாரும் இல்லாவிட்டாலும், ஒரு சின்ன ஹாரன் அடித்ததை.

"விசாரணைல என் மேல தப்பு இல்லன்னுட்டாங்க. அது எனக்கும் தெரியும்மா. தப்பு இல்லன்னு தெரிஞ்சா மட்டும் அந்தக் கை போயிடுமா?"

கடைசியாக, "சுகன்யா" என்றார். "அந்தப் பொண்ணு பேரு."

அவ்வளவு நேரப் பேச்சில் அந்த அம்மாவுக்கு விளங்கியது அது ஒன்றுதான் போலிருக்கிறது. "சு-கன்-யா" என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னார். கூடையிலிருந்து ஒரு சிவப்புத் துணியை எடுத்து இவரிடம் நீட்டினார். துணி இல்லாமல் இருந்த ஒரு கல்லைக் காட்டினார்.

இவர் மண்டியிட்டுக் கட்டினார். இரண்டு முடிச்சு. நாங்கள் மூன்று தலைமுறையாக சர்ச்சுக்குப் போகிற குடும்பம். ஆயர் ஐயா இதைப் படித்தால் என்ன சொல்வாரோ தெரியாது. எனக்கு அங்கே ஜெபம்தான் வந்தது.

ஆனால், உண்மையைச் சொல்லட்டுமா? படி இறங்கும்போது எனக்குக் கோபம் வந்தது. விபத்து நடந்தது எனக்கும் தெரியும்; மற்றதெல்லாம் இப்போதுதான் கேட்கிறேன். பதினெட்டு வருஷம்! என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாததை, பேர் தெரியாத ஒரு ஜப்பான்காரியிடம் கொட்டுவாராம். நான் என்ன வேற்று மனுஷியா?

ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்ததும் கேட்டேவிட்டேன். "ஏன் என்கிட்ட சொல்லல?"

அவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு, கோபமே இல்லாமல் சொன்னார்: "சொன்னேனே. அன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது ஆரம்பிச்சேன்."

எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "அந்தப் பொண்ணு கையை..." என்று அவர் ஆரம்பித்தார். நான் ரசம் ஊற்றிக்கொண்டே என்ன சொன்னேன் தெரியுமா? "உங்க மேல தப்பில்லல்ல? அப்புறம் ஏன் அதையே நினைக்கிறீங்க? சாப்பிடுற நேரத்துல வேணாம், விடுங்க."

அன்பாகத்தான் சொன்னேன். அவருடைய பாரத்தைக் குறைக்கிறேன் என்று நினைத்தேன். அவர் விட்டுவிட்டார். பதினெட்டு வருஷம்.

அடுத்த ரயில் வர நாற்பது நிமிஷம் இருந்தது. "இப்ப சொல்லுங்க" என்றேன். "அதான் கேட்டுட்டியே" என்றார். "பரவாயில்ல, எனக்குச் சொல்லுங்க." முதலிலிருந்து சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. எவ்வளவு கஷ்டம் தெரியுமா அது? ஒவ்வொரு வரிக்கும் என்னிடம் ஒரு ஆறுதல் தயாராக இருந்தது. எல்லாவற்றையும் விழுங்கினேன். கண்ணீரை மட்டும் முடியவில்லை.

அன்று சாயங்காலம் ஷீபா வந்ததும் அவளிடமும் அவரே சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அதனாலதான் ஏர்போர்ட்ல நான் கை ஆட்டினப்போ திரும்பிக்கிட்டீங்களாப்பா?" என்றாள். முதல் தடவை ஜப்பானுக்குக் கிளம்பிய அன்று நடந்தது. தான் போவது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்று இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள், பாவம்.

"யாராவது கையைத் தூக்கினா என்னால பார்க்க முடியாதும்மா" என்றார்.

அவள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சோறு ஆறிவிட்டது. யாரும் யாரையும் சாப்பிடச் சொல்லவில்லை.

அந்தக் கோயில் அம்மாவைப் பற்றி இப்போதும் யோசிக்கிறேன். அவரிடம் ஏன் சொல்ல முடிந்தது? புரியாததால்தான். புரிந்துகொள்கிற நம்மிடம் ஒரு கஷ்டம் இருக்கிறது... உடனே பதில் சொல்லிவிடுகிறோம். "எல்லாம் சரியாப் போயிடும்", "நடந்தது நடந்துபோச்சு", "உன்னைவிடக் கஷ்டப்படறவங்க எத்தனை பேர்!" பாதி ஆறுதல், எதிரில் இருப்பவர் வாயை மூடத்தான் பயன்படுகிறது. நான் அதில் கெட்டிக்காரி. இந்தப் பத்தியிலேயே எத்தனை பேருக்கு ஆறுதல் எழுதியிருக்கிறேன்!

ஊருக்குத் திரும்பி இரண்டு வாரம் ஆனதும் ஒரு போன். இவரோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த பாஸ்கரின் மனைவி பேசினாள். பாஸ்கருக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் சில மாதம் இருக்கிறது. போன மாதம் அவர் வண்டியில் ஒருவர் அடிபட்டு இறந்துவிட்டாராம். அதிலிருந்து யாரிடமும் பேசுவதில்லை, இரும்புலியூர் வீட்டில் ஓர் அறையிலேயே கிடக்கிறாராம்.

இவர் பாஸ்கருக்குப் போன் செய்து, வீட்டுக்கு வர்றேன் என்றார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"இன்னாத்துக்குபா வர்றே? ஆறுதல் சொல்லவா? வர்றவன்லாம் அதான் சொல்லிகினு கீறான்."

"ஆறுதலும் இல்ல, ஒண்ணும் இல்ல. சும்மா வர்றேன்."

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கிளம்பிப் போனவர் மத்தியானம் ரெண்டு மணிக்கு வந்தார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலிலேயே கேட்டேன்.

"என்ன சொன்னீங்க அவர்கிட்ட?"

செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"நானா? ஒண்ணும் சொல்லல. அவன்தான் பேசினான். நான் மூணு காபி குடிச்சேன்."