தோட்டத்தைச் சுற்றிக் காட்டிய ஞாயிறு

எனக்கு அப்போது பத்து வயது. அம்மா இங்கிலாந்தில் ஒரு கிராமத்து வீட்டில், எழுந்து நடமாட முடியாத ஒரு வெள்ளைக்கார அம்மாளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போயிருந்தாள். அடுத்த மாதம் வந்துவிடுவாள் என்று அப்பா சொல்லியிருந்தார். பபேடான் பேட்டையில் நாங்கள் இருந்த கட்டடத்தின் ஆறு மாடியிலும் அதைச் சொல்லி முடித்துவிட்டேன். இரண்டாம் மாடியில் இரண்டு முறை.

ஞாயிறு மதியம் மூன்றரை மணிக்குத்தான் அம்மா போனில் முகம் காட்டுவாள். அந்த ஞாயிறு பர்மியப் புத்தாண்டின் தண்ணீர்த் திருவிழா. கீழே தெருவே நனைந்து கூச்சலிட்டுக்கொண்டிருந்தது. அலோன் துறைமுகத்தில் இரவு வேலை பார்த்த களைப்பில் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். நான் போனை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன்.

முதல் முறையாக அம்மா ஸ்வெட்டர் இல்லாமல் வந்தாள்.

"வெயிலடிக்குது கண்ணு! வெயிலப் பாரேன்!"

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் தெருவில் அந்த வெயிலில் தார் உருகிக்கொண்டிருந்தது. வெயிலைக் கண்டு சந்தோஷப்படுகிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை.

போனைத் தூக்கிக்கொண்டு தோட்டத்தில் நடந்தாள். இலையே இல்லாமல் பூத்து நின்ற ஒரு மரம். புல்லுக்குள் கூட்டம் கூட்டமாக மஞ்சள் பூக்கள். வேலிக்கு அந்தப் பக்கம் பச்சைச் சரிவில் கால் இன்னும் நிலைக்காத ஆட்டுக்குட்டிகள் துள்ளி விழுந்தன. செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் நடந்து காட்டினாள். நான் மூன்று முறை, "எப்பம்மா வர்ற?" என்று கேட்டேன். மூன்று முறையும் இன்னொரு செடிக்குப் போனாள்.

கடைசியில் மூலையில், புதிதாகக் கொத்திய மண்.

"இங்க கொத்தமல்லி போட்டிருக்கேன். குளிர் ஊருல்ல, முளைக்கவே மூணு வாரமாகுமாம். இலை பறிக்க ரெண்டு மாசம்."

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். கணக்கில் நான் அவ்வளவு கெட்டிக்காரியில்லை. ஆனாலும் இது புரிந்தது.

"அடுத்த மாசம் வர்றவளுக்கு மல்லி எதுக்கு?"

அம்மா குனிந்து அந்த மண்ணை ஒரு கையால் தட்டிவிட்டாள். அங்கே ஏதோ ஒரு பறவை விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

"நீ அங்கேயே பூப் பாத்துக்கிட்டு இரு" என்று சொல்லி வைத்துவிட்டேன். திரும்பத் திரும்ப நான்கு முறை அடித்தது. நான் எடுக்கவில்லை. படியிறங்கித் தெருவுக்குப் போனேன். யாரோ ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் கொட்டினார்கள். எல்லோர் முகமும் நனைந்திருந்ததால் என் முகத்தை யாரும் கவனிக்கவில்லை.

அடுத்து வந்த இரண்டு ஞாயிறுகளிலும் தூங்குவது போலப் படுத்துக்கொண்டேன். அப்பாதான் தணிந்த குரலில் பேசிவிட்டு வைத்தார். அம்மா ஊர் திரும்ப இன்னும் இரண்டு வருடங்கள் ஆயின.

அந்தத் தோட்டமும் வெயிலும் பிடித்துப்போய் எங்களை மறந்துவிட்டாள் என்றே நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். வேலையை நீட்டித்துவிட்ட செய்தியை என்னிடம் சொல்லத் துணிச்சல் வராமல்தான் ஒரு மணி நேரம் செடி செடியாக நடந்திருக்கிறாள் என்பது, வாளித் தண்ணீரில் நனைந்து நின்ற எனக்குத் தெரியவில்லை.