பீஸ் கிடந்த காது

போன வருடம் சிறுபோக விதைப்பு முடிந்த கையோடு, கனகராயன்குளத்திலிருந்து வவுனியா பெரியாஸ்பத்திரிக்குக் காது காட்டப் போனேன். போனேன் என்பதைவிட, மனைவி இழுத்துக்கொண்டு போனாள் என்பதே சரி.

இடது காதுக்குப் பின்னால் கல்லுப்போல ஒரு புடைப்பு. கடைசி யுத்தத்தில் செல் குண்டு விழுந்து, முதுகிலிருந்து மூன்று துண்டுகள் எடுத்தவன் நான். உடம்புக்குள் தங்கிவிட்ட செல் துண்டை எங்கள் பக்கத்தில் பீஸ் என்போம். இதுவும் பீஸ்தான் என்று நானே முடிவுகட்டிவிட்டேன். வருடாவருடம் அது பெருத்தது, காது மந்தமானது. இரும்புத் துண்டு எப்படி வளரும் என்று ஒருநாளாவது யோசித்தேனா? இல்லை. குசினிக்குள் சமைத்தபடி மனைவி "இஞ்சாருங்கோ" என்று கூப்பிடுவது கேட்காது. "பீஸ் கிடக்கிற காது, சத்தமாச் சொல்லத் தெரியாதோ?" என்று அவள்மேல்தான் பாய்வேன்.

ஆஸ்பத்திரியில் ஸ்கான் எடுத்த தம்பி படத்தை உற்றுப் பார்த்தார்.

"அண்ணை, இதில பீஸ் ஒண்டும் இல்லை. மிச்சத்தை டொக்டர் சொல்லுவார்."

பீஸ் இல்லையென்றால் புற்றுநோய்தான் என்று மனம் அடித்துச் சொன்னது.

அடுத்த கிளினிக்குக்கு ஒரு கிழமை இருந்தது. அந்த ஏழு நாளும் இருக்கவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. வயலுக்குப் போவேன், வரம்பில் கால் வைத்ததும் திரும்பிவிடுவேன். காரணமில்லாமல் மோட்டார்சைக்கிளில் மாங்குளம் வரை போய் வருவேன். விரல் மட்டும் புடைப்பை விடாது. அவ்வளவு வெறுத்த செல் துண்டாகவே இது இருக்கக்கூடாதா என்று கடவுளிடம் கேட்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

"இது கான்சர் இல்லை," என்றார் டொக்டர். "உங்கட மண்டை எலும்புதான் வளர்ந்து காதுத் துவாரத்தை நெருக்குது. அரிதா வாற வருத்தம். ஏன் இவ்வளவு காலமும் வரேல்லை?"

"பீஸ் எண்டு இருந்திட்டார்," என்றாள் மனைவி. வெளியே வாங்கில் குந்திக் காத்திருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒபரேஷன் செய்து துவாரத்தை அகலமாக்கினார்கள். இப்போது வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதுகூடக் கேட்கிறது. மனைவி மட்டும் இன்னும் சத்தம் போட்டுத்தான் கதைக்கிறாள். "மெல்லக் கதையும், எனக்குக் கேக்குது," என்றால், "பழகிப்போச்சு," என்கிறாள். எல்லாப் பழியையும் யுத்தத்தின் தலையில் போட்டுவிட்டுத் திரிந்த எனக்கு, கலியாணம் கட்டியபோது அவளுக்கிருந்த அந்த மெல்லிய குரலைத் தொலைத்தவன் நான்தான் என்பது இன்றைக்கும் உறுத்துகிறது.