பொடி இறங்குவதாக நினைத்தோம்

எட்டாம் வகுப்போடு வீட்டை விட்டுக் கிளம்பியவன் நான். திருப்பூர், கொல்லம், சூரத் என்று சுற்றிவிட்டு, தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றும் வேலைக்கு வந்து சேர்ந்தேன். அங்கே வேலை முடிந்ததும் ஆளுக்கொரு வாழைப்பழமும் வெல்லமும் தின்பார்கள். மூக்கு வழியே உள்ளே போன வெள்ளி நிற அலுமினியப் பொடியை அது வெளியே தள்ளிவிடுமாம். மறுநாள் வயிறு இளகிப் போனால் சந்தோஷம்தான். பொடி இறங்குகிறது என்பார்கள்.

என் பக்கத்து வீட்டுக்காரன் வெடிமருந்து கலக்குகிறவன். சீசன் நேரத்தில் அறையில் தீப்பிடித்து, வலது கையும் கழுத்தும் வெந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தான். புண் சீழ் பிடிக்காமலிருக்க ஊசி போட்டு, வீட்டுக்கும் மாத்திரை கொடுத்திருந்தார்கள். தோல் கட்டி வந்தது. அப்புறம் வயிற்றால் போகத் தொடங்கியது.

யாரும் பயப்படவில்லை.

"இத்தன வருசப் பொடி, இப்பத்தான் எறங்குது. எறங்கட்டும்ணே" என்றாள் அவன் மனைவி. அவளுக்கு நான் அண்ணன் முறை.

"மச்சான், வெள்ளியா வந்தா ஒதுக்கி வைக்கச் சொல்லு. உன் தங்கச்சிக்குக் கொலுசு அடிச்சிருவோம்" என்றான் அவன், படுத்தபடியே.

"மொதல்ல எந்திரிச்சு நடங்க. கொலுசு போட வந்துட்டாக" என்றாள் அவள்.

பழத்தையும் வெல்லத் தண்ணீரையும் அவள் இன்னும் அதிகமாகக் கொடுத்தாள். சில நாளில் காய்ச்சல் கண்டது. வயிறு உப்பிக் கல்லாகி, போக்கு நின்றது. எல்லாம் இறங்கிவிட்டது என்று அவள் நிம்மதியானாள். எனக்கு அவன் கண்ணைப் பார்க்கச் சரியாகப் படவில்லை. ஆட்டோ பிடித்து சிவகாசிக்குக் கொண்டு போனோம்.

டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு எங்களை வெளியே அழைத்தார்.

"புண்ணுக்குக் குடுத்த மருந்து, குடல்ல இருக்கிற நல்ல கிருமிகளையும் சேத்துக் கொன்னுருச்சு. நம்ம வயித்துக்குக் காவலே அதுகதான். அதுக போன எடத்துல ஒரு கெட்ட கிருமி பெருகி, குடலையே புண்ணாக்கிருச்சு. வயித்தால போன ஒடனே வந்திருந்தா மாத்திரைய மாத்தியிருக்கலாமே. ஏம்மா வரல?"

"பொடி போகுதுன்னு இருந்துட்டோம் டாக்டர்."

"என்ன பொடி?"

அவள் சொன்னாள். டாக்டரம்மா குறுக்கே பேசாமல் கேட்டார்.

"பொடி மூச்சுல போறதும்மா. நெஞ்சுலதான் தங்கும். பழம் தின்னா வெளிய வராது."

ஆபரேஷன் செய்ய மதுரைக்கு அனுப்பினார்கள். விருதுநகர் தாண்டியதும் ஆம்புலன்ஸிலேயே அவன் மூச்சு நின்றது.

உடலோடு திரும்பினோம். ஊர் நெருங்கியதும் அவள் சொன்னாள்: "வெடிக் காயத்துலயே செத்தாகன்னு சொல்லுங்கண்ணே. வயித்தால போயிச் செத்தாகன்னா, நான் என்ன குடுத்தேன்னு கேப்பாக."

கூடியிருந்தவர்கள் கேட்டார்கள். வெடிக் காயம் என்றேன். மறுகேள்வி வரவில்லை. அந்தப் பக்கம் எல்லோருக்கும் பழகிய சாவு அதுதான்.