நாங்கள் என்று சொன்னேன்

ஆஸ்பத்திரிக் குசினியில் மூன்று பேர் ட்ரொலி தள்ளினோம். நான், ஒரு ஜமேக்காக்காரர், ஒரு பிலிப்பைன்ஸ் பிள்ளை. ட்ரொலி என்றால் கடையில் சாமான் போட்டுத் தள்ளுவது இல்லை. ஆள் உயர இரும்பு அலுமாரி. உள்ளுக்குச் சூடு. ஒரு வார்ட்டின் சாப்பாடு முழுக்க அதற்குள் போகும். பழைய கட்டடத்தில் இருந்து புதுக் கட்டடத்துக்குப் போகிற பாதையில் ஒரு ஏற்றம் இருக்கிறது. அந்த ஏற்றத்தில்தான் என் முழங்கால் போனது.

டாக்டர் பாரம் தள்ளாதே என்றார். ட்ரொலி தள்ளுகிறவனுக்கு அதைச் சொல்லி என்ன பிரயோசனம்? ஓம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த நாளும் தள்ளினேன்.

அந்த நேரம்தான் சூப்பர்வைசர் மனுசி வேலையை விட்டாள். போர்த்துக்கல்காரி. மகளோடு போய் இருக்கப்போகிறாள். அவளுடைய வேலைக்கு ஆள் எடுக்கப்போகிறோம் என்று குசினிச் சுவரில் ஒட்டினார்கள். சூப்பர்வைசர் ட்ரொலி தள்ளத் தேவையில்லை. காலையில் போர்டில் பெயர் எழுதி ஆட்களைப் பிரித்துவிட வேண்டும். சாப்பாட்டுச் சூட்டைப் பார்க்கவேண்டும். வார்ட்டில் இருந்து கத்தினால் பதில் சொல்லவேண்டும். எனக்கு அந்த வேலை வேண்டும். முழங்காலுக்காக. சம்பளம் கொஞ்சம் கூட, அதுவும் சரி.

மற்ற இரண்டு பேரையும் பார்த்தேன். வயிறு எரிந்தது. அது அன்றைக்குத் தொடங்கினது இல்லை.

ஜமேக்காக்காரருக்கு ஸ்ட்ரெதமில் வீடு. தாய் வாங்கினது. அந்தக் காலத்தில் இவர்களுக்கு பாங்க் கடன் கொடுக்கவில்லையாம். தெருவில் இருந்த ஜமேக்காச் சனம் எல்லாம் கிழமைக்குக் கிழமை காசு போட்டு, முறை வைத்து எடுத்து, ஒவ்வொருவராக வீடு வாங்கினார்களாம். பாட்னர் என்று சொன்னார். நான் கேட்டுக்கொண்டு இருந்தேன். எங்கட சீட்டுத்தான். பெயர்தான் வேறு. ஆனால் அவர்கள் சீட்டுப் பிடித்த காலத்தில் வீடு பிடிக்கலாம். நான் வந்த காலத்தில் சீட்டு எடுத்து, ஆளைக் களவாய்க் கொண்டுவந்த ஏஜென்சிக்காரனுக்குத்தான் கட்டலாம்.

அவர் அந்த வீட்டில் பிறந்தவர். வாடகை தெரியாது. குசினிக்கு வரும்போதும் மினுக்கின சப்பாத்து, அயன் பண்ணின சேர்ட். இங்கிலீசு அவருக்குத் தாய்ப்பாஷை. மனேஜர் பகிடி விட்டால் சிரிக்கவேண்டிய இடத்தில் சிரிப்பார். நான் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பேன். பேசும்போது 'மேன்' 'மேன்' என்பார். நான் அதை மச்சான் என்று எடுத்துக்கொள்வேன். அது சரியாகத்தான் வரும்.

பிலிப்பைன்ஸ் பிள்ளை எனக்குப் பிறகு வந்தது. பிளேனில், கையில் வேலையோடு வந்தது. தமக்கை அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள்தான் எடுப்பித்தவள். நான் வந்த வழியை இங்கே எழுதத் தேவையில்லை. இங்கே இருக்கிறதுக்கு எனக்குப் பேப்பர் கிடைக்கிறதுக்குள் தலை நரைத்துவிட்டது. என்னோடு வந்தவர்கள் ரெய்னர்ஸ் லேனில் வீடு வாங்கி, பின்பக்கம் கூட்டிக் கட்டி, பிள்ளைகளை டாக்டருக்கும் படிப்பித்துவிட்டார்கள். நான் மிச்சம் என்கிற இடத்தில், ஒரு கடைக்கு மேல் இரண்டு அறையில் இருக்கிறேன். கடைக்காரன் எங்கட ஆள்தான். வாடகையில் அது தெரியாது.

அந்தப் பிள்ளையும் மிச்சத்தில்தான், ட்ராம் போகிற பக்கம். ஊரில் வீடு கட்டுகிறாள். ரீ குடிக்கிற நேரம் போனில் காட்டுவாள். இந்த மாதம் தரைக்கு டைல்ஸ். அடுத்த மாதம் கேற். கலர் எது நல்லது என்று என்னிடம் கேட்பாள். பச்சை என்பேன். சும்மா ஒரு வாய்க்கு. அவள் பச்சையே அடிப்பித்துவிட்டுப் படத்தைக் காட்டினாள்.

அவர்கள் ஊருக்குப் பெட்டியும் அனுப்புவார்கள். ஒரு சின்ன அலுமாரி அளவு மட்டைப்பெட்டி. சவுக்காரம், டின் இறைச்சி, சப்பாத்து, சொக்லேட் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாய்ப் போட்டு நிரப்பிக் கப்பலில் விடுவார்கள். எனக்குப் பெட்டி அனுப்ப ஆளில்லை. என் தம்பி கனடாவில். அவன் எனக்கு அனுப்பக்கூடியவன்.

என்னை அவள் குயா என்று கூப்பிடுவாள். முதல் நாள் கோபம் வந்தது. ஏதோ பட்டப்பெயர் என்று நினைத்தேன். பிறகு தமக்கைக்காரிதான் சொன்னாள், குயா என்றால் அண்ணை.

விண்ணப்பம் போடுகிறீர்களா என்று ஜமேக்காக்காரரைக் கேட்டேன். கையை விசுக்கினார். தனக்கு உந்த வேலை தேவையில்லை என்றார். எனக்கு நிம்மதி. கூடவே எரிச்சல். சொந்த வீட்டில் இருக்கிறவனுக்குத்தான் அப்படிக் கையை விசுக்க வரும் என்று நினைத்தேன்.

பிலிப்பைன்ஸ் பிள்ளை மறைக்கவில்லை. தானும் போடுகிறாள் என்றாள். நீங்களும் போடுகிறீர்கள்தானே குயா, ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வாருங்கோ, தமக்கையின் சிநேகிதி இன்டர்வியூ எடுத்துப் பழகினவள், எங்கள் இரண்டு பேரையும் பழக்குவாள் என்றாள்.

வீட்டில் சொன்னேன். என் மனுசிக்கு நம்பிக்கை இல்லை.

"போட்டிக்கு நிக்கிறவள் உங்களுக்குச் சொல்லித் தருவாளோ? பேய்க்காட்டி ஏமாத்தக் கூப்பிடுறாள்."

"அப்ப போகேல்லை."

"போங்கோ. என்னதான் செய்யினம் எண்டு பாத்துக்கொண்டு வாங்கோ. வெறுங்கையோட போகாதேங்கோ."

ரோல்ஸ் சுட்டுத் தந்தாள்.

அந்த வீட்டு வாசலில் சப்பாத்துகள் குவிந்து கிடந்தன. எங்கட வீட்டு விசேசம் மாதிரி. உள் நடையில் ஊருக்கு அனுப்புகிற பெட்டி ஒன்று வாய் திறந்தபடி நின்றது. ஒடுங்கித்தான் உள்ளே போகவேண்டும். எத்தனை பேர் அங்கே இருந்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒருவர் வர ஒருவர் வேலைக்குப் போய்க்கொண்டு இருந்தார்கள். ஒரு கட்டில் இரண்டு ஷிப்டுக்கு என்று பிள்ளை சிரித்துக்கொண்டே சொன்னாள். முதலில் சாப்பாடு. நூடில்ஸ், பன்றி, சோறு. ரோல்ஸைச் சுற்றி நின்று முடித்தார்கள்.

பிறகு அந்தச் சிநேகிதி வந்தாள். ஐம்பது வயது மதிக்கலாம். வார்ட்டில் பெரிய நர்ஸ். எல்லோரும் ஆத்தே என்றார்கள். அது அக்கா. அவள் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து மனேஜர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள். நத்தாருக்கு முதல் லிப்ட் பழுதான அன்றைக்கு என்ன செய்தாய் என்று என்னைக் கேட்டாள்.

அன்றைக்கு நான் தனியே வேலை. மேல் வார்ட்டுக்குச் சாப்பாட்டைத் தட்டுத் தட்டாகப் படியால் கொண்டுபோனேன். அதைச் சொன்னேன். நாங்கள் படியால் கொண்டுபோனோம் என்று சொன்னேன்.

அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நாங்கள் எண்டால் ஆர்?"

"நான்தான்."

"அப்ப நான் எண்டு சொல்லுங்கோ."

திரும்பச் சொன்னேன். திரும்பவும் நாங்கள் என்று வந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எங்கட பாஷையில் ஒரு மனுசன் தன்னைத் தூக்கிப் பேசுவதில்லை. வீடு என்றாலும் எங்கட வீடு. மனுசி கூட எங்கட மனுசிதான். நான் செய்தேன், நான் செய்தேன் என்று சொல்கிறவனை அவன் போன பிறகு நக்கலடிப்போம். அந்த ஆத்தேக்கு அது விளங்கியது.

"எங்களுக்கும் வெக்கம்தான், குயா," என்றாள். "இன்டர்வியூவுக்குப் போகேக்கை வெக்கத்தைக் கழட்டிக் கோட்டோடை வெளியிலை கொழுவிப்போட்டுப் போங்கோ. வரேக்கை எடுத்துப் போடலாம்."

பொழுதுபடுவதற்குள் எனக்கு 'நான்' வந்துவிட்டது. பிள்ளைக்கு முன்பே வரும். அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்க ஒரு வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். ஒருத்தி மேலே போனால் அடுத்தவளுக்குப் படியைக் காட்டுகிறாள். எங்கட ஆட்களில் ஒருவர் சூப்பர்வைசர் ஆனால், எப்படி எடுத்தனீங்கள் என்று கேட்டால், எல்லாம் கடவுள் செயல் என்பார். பஸ்ஸில் வரும்போது இதைத்தான் நினைத்தேன். நன்றாகத்தான் நடத்தினார்கள். அதுதான் இன்னும் எரிந்தது.

இன்டர்வியூ அன்றைக்கு மகளின் கல்யாணத்துக்குப் போட்ட சூட்டைப் போட்டேன். மேசையில் மூன்று பேர். எங்கட மனேஜர். ஒரு நர்ஸ் மேலதிகாரி. மூன்றாவது, ஆட்கள் எடுக்கிற பகுதியில் இருந்து வந்த ஒரு இளம் பிள்ளை. முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. கழுத்து பாட்ஜில் இருந்த நீளப் பெயரும் எங்கட பெயர். நான் கதிரையில் இருந்ததும் அவள் மெல்லமாய் "வணக்கம் அங்கிள்" என்றாள். என் மகளின் வயதுதான் இருக்கும்.

நான் நேராய் இருந்தேன். முதலில் சந்தோசம். எங்கட பிள்ளை ஒன்று மேசைக்கு அந்தப் பக்கம் இருக்குது என்று.

மனேஜர் அந்தக் கேள்வியையே கேட்டார். லிப்ட் பழுதானது. எனக்குப் பாடம். வாயைத் திறந்தேன். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தது. எங்கட பிள்ளைக்கு முன்னால், ஒரு வயது போன மனுசன், நான் நான் என்று எப்படிச் சொல்வது? வீட்டில் போய்த் தாய் தகப்பனுக்குச் சொல்லாதா, ஒரு அங்கிள் வந்து தன்னைத்தானே புளுகினார் என்று?

நாங்கள் படியால் கொண்டுபோனோம் என்று சொன்னேன்.

எத்தனை பேர் என்று மனேஜர் கேட்டார்.

"ஒராள்," என்றேன்.

மனேஜரும் நர்ஸும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு கேட்ட எல்லாவற்றுக்கும் நாங்கள்தான் வந்தது. பிடித்து நிறுத்த ஏலவில்லை.

வேலை பிலிப்பைன்ஸ் பிள்ளைக்குக் கிடைத்தது.

இரண்டு நாள் கழித்து அந்த எங்கட பிள்ளை லிப்டடியில் என்னைக் கண்டு நின்றாள். அங்கிள் என்றதைத் தவிர மிச்சம் எல்லாம் இங்கிலீசு. இதைத் தான் சொல்லக்கூடாதாம். ஆனாலும் சொன்னாள். அங்கிள், நீங்கள் செய்ததெல்லாம் வேறு யாரோ செய்தது மாதிரிச் சொன்னீர்கள், மேசையில் இருந்த மற்ற இரண்டு பேரும் அப்படித்தான் எழுதினார்கள், எனக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை என்றாள். என் அப்பாவும் இப்படித்தான் பேசுவார் என்றாள். கண் கலங்கின மாதிரி இருந்தது. பரவாயில்லை பிள்ளை என்று சொல்லி அனுப்பினேன். அவளில் கோபம் இல்லை. அவள் அந்த மேசையில் இருந்திராவிட்டால் எனக்கு 'நான்' வந்திருக்கும். அதையும் அவளுக்குச் சொல்லவில்லை.

ஜமேக்காக்காரர் லொறி வருகிற வாசலில் ரீயோடு நின்றார். நடந்ததைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"நான் எண்டு சொல்லிப் பாத்தனான், மச்சான். மூண்டு இன்டர்வியூவிலை. நீ வர முந்தியே ரெண்டு தரம். அவைக்கு என்ரை குரல் கூடிப்போச்சாம்."

கதவை உதைக்கிற மாதிரிப் பேசுகிறாய் என்று ஒரு மனேஜர் முகத்துக்கு நேரே சொன்னாராம். அதற்குப் பிறகு போடுவதில்லையாம். வீட்டைக் கேட்டேன். தாய் போன வருசம் காலமாகிவிட்டார். சகோதரங்கள் நாலு பேர். விற்கிறார்கள். தன் பங்குக்கு ஸ்ட்ரெதமில் ஒரு கதவும் வாங்க ஏலாது என்றார். குரோய்டனுக்கு அங்காலே அறை பார்க்கிறார். அவருடைய மகன் இப்போதே வாடகைக்குத்தான் இருக்கிறானாம். தாய் ஏறின இடத்துக்குப் பேரன் ஏற ஏலாது என்று சொல்லிவிட்டு மிச்ச ரீயை நிலத்தில் ஊற்றினார்.

பாவமாய்த்தான் இருந்தது. ஆனாலும் உள்ளே ஒன்று சொன்னது, நாலில் ஒன்று என்றாலும் பங்குதானே. எனக்கு எதில் பங்கு?

அடுத்த திங்கள் பிலிப்பைன்ஸ் பிள்ளை முதல் தரம் போர்டில் பெயர் எழுதினாள். எழுத்து வடிவாய் இருந்தது. அவள் ஊரில் ரீச்சர். என்னைத் தட்டுகள் ஊர்ந்து வருகிற பெல்ட்டில் போட்டாள். ஒரு இடத்தில் நின்று கறியைப் போடுகிற வேலை. ஏலாவிட்டால் ஸ்டூலில் இருக்கலாம். ஏற்றத்துக்கு ஜமேக்காக்காரரையும் புதிதாய் வந்த ஒருவனையும் போட்டாள்.

"குயா, இனி நீங்கள் பெல்ட்," என்றாள். எல்லோருக்கும் கேட்க.

வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. முழங்கால் விடவில்லை. ஏப்ரனைக் கட்டினேன். ஜமேக்காக்காரர் ட்ரொலியைத் திருப்பிக்கொண்டு என்னைக் கடந்து போனார். தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். அதில் ஒரு பொறாமையும் இல்லை. அது எப்படி அவருக்கு வருகிறது என்று எனக்குத் தெரியாது.

ஒரு கிழமை போனது. மனுசி கேட்டாள்.

"கால் எப்பிடி?"

"சுகம்."

"சுகம் எண்டால் பிறகேன் முகத்தை உப்பிடி வைச்சிருக்கிறியள்?"

ஒன்றுமில்லை என்றேன். அவள் விடவில்லை. அந்தப் பிள்ளை நல்லதுதானே செய்தது, வாயால் ஒரு நன்றி சொன்னீர்களா என்று கேட்டாள். சொன்னேன் என்றேன். சொல்லத்தான் செய்தேன். முதல் நாளே சொன்னேன்.

"பிறகென்ன?"

"அது நான் எடுக்கவேண்டியது. அவள் தந்து எடுத்தனான்."

காலுக்குத் தைலம் பூசட்டோ என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். இப்போது நோவு இல்லை.